கடலுக்கு முதுகைக் காட்டி உட்காரும் ஊர்

லீட்ஸ், இங்கிலாந்து

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம்.

ஆகஸ்ட்டில் வரப்போவதாகவும், லண்டன் எல்லாம் வேண்டாம், அத்தைக்குக் கடல் பார்க்க வேண்டும் என்றும் போனில் சொன்னீர்கள். ஓசூரில் கிளம்பி, மெரினாவையும் ராமேஸ்வரத்தையும் விட்டுவிட்டு, கடல் பார்க்க இங்கிலாந்து வரும் முதல் தம்பதி அநேகமாக நீங்கள்தான். போனில் விளக்கினால் பாதியிலேயே "சரிப்பா, வச்சிடவா" என்பீர்கள். அதனால் கடிதம்.

உங்களை விட்பி என்ற ஊருக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். சின்ன ஊர். லீட்ஸிலிருந்து 840-ம் நம்பர் மாடி பஸ் நேராகப் போகிறது. மேல்தளத்தில் முன்சீட்டைப் பிடித்துவிட்டால் போதும். யார்க், மால்டன் எல்லாம் தாண்டி மூர் என்கிற மேட்டுப் பொட்டலில் ஏறும்போது, ஆகஸ்ட்டில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஊதா நிறத்தில் ஹெதர் பூத்துக் கிடக்கும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகுமே என்று யோசிக்காதீர்கள். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி டோல் தாண்டி சில்க் போர்டு சிக்னலைக் கடந்தவர் நீங்கள். இங்கே அத்தனை நேரமும் பஸ் ஓடிக்கொண்டாவது இருக்கும்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அத்தையால் கடலில் காலை நனைக்க முடியாது. நனைக்கலாம், சட்டம் தடுக்காது. ஆனால் நல்ல கோடையிலும் இந்த வடகடலின் தண்ணீர் 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தளியை வெள்ளைக்காரர்கள் 'லிட்டில் இங்கிலாந்து' என்று கொண்டாடியதாக நம் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள் அல்லவா? இங்கே வந்தபிறகு எனக்குத் தோன்றுவது, அந்தப் பெயரால் தளிக்குத்தான் நஷ்டம். தளியில் பத்து மணிக்காவது வெயில் வரும்.

அப்படியானால் இந்த ஜனங்கள் எதற்குக் கடற்கரைக்கு வருகிறார்கள்? அதைத்தான் நானும் ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு குடும்பம் காரிலிருந்து இறங்கும். நீளத் துணிச்சுருள் ஒன்றை எடுப்பார்கள். அதில் நாலைந்து கம்பு கோத்திருக்கும். அப்பா ஒரு கல்லைத் தேடி எடுத்து, கம்புகளை ஒவ்வொன்றாக மணலில் அறைவார். காற்றைத் தடுக்க இடுப்பளவு துணிச்சுவர் தயார். காற்று கடல் பக்கமிருந்து வருவதால் சுவரும் கடல் பக்கம்தான். அதற்குள் கோட்டு போட்டபடியே வரிசையாக உட்கார்ந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடிப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து "அருமையான நாள்" என்று சொல்லிவிட்டுக் கம்பைப் பிடுங்குவார்கள். சுண்டல், மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடும் துப்பாக்கி எதுவும் கிடையாது. அலை நுரையைப் பார்த்து அத்தை அசந்துபோவார் என்றும் எனக்கு நம்பிக்கை இல்லை. கெலவரப்பள்ளி அணையில் பெங்களூரு சாக்கடை உபயத்தில் ஆளுயரம் பொங்கும் நுரையைப் பார்த்தவர்களுக்கு இது என்ன நுரை!

துறைமுகச் சுவரோரம் இன்னொரு வேடிக்கை உண்டு. குழந்தைகள் நூலில் பன்றி இறைச்சித் துண்டைக் கட்டித் தண்ணீருக்குள் விட்டு நண்டு பிடிப்பார்கள். ஒரு பொடியன் வாளி நிறையப் பிடித்து வைத்திருந்தான். நம் ஆற்றங்கரையாக இருந்தால் அதற்குள் அடுப்பு பற்றவைத்து, ரசத்துக்கு மிளகு இடித்திருப்பார்கள். இவன் என்ன செய்தான் தெரியுமா? எண்ணிப் பார்த்தான், அம்மாவிடம் காட்டினான், வாளியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் மறுபடி தண்ணீரிலேயே விட்டான். அம்மா கை தட்டினார். அத்தையை அந்தப் பக்கம் தனியாக விடாதீர்கள், மனசு தாங்காது.

சாப்பாட்டுக்கு வருவோம். ஊர் முழுக்க மீன் வறுவல் கடைதான். ஹாடக் மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, விரல் கனத்துக்கு உருளைக்கிழங்கு போட்டு, மேலே வினிகர் தெளித்துத் தருவார்கள். காரம் என்ற பேச்சுக்கே இடமில்லை, மிளகாய்ப்பொடி நம் பையில்தான் இருக்க வேண்டும். யார்க்ஷயர் பக்கம் நிறையக் கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள், அதில்தான் ருசி என்று வாதமும் செய்வார்கள். அத்தைக்கு அது ஆகாது. தாவர எண்ணெயில் பொரிக்கும் கடையாக விசாரித்து வைக்கிறேன்.

வாங்கியதை வெளியே கொண்டுவந்து சாப்பிடுவதில்தான் வீரம் தேவை. இங்கே கடற்புறா என்று ஒரு ஜாதி இருக்கிறது. பெயரில் புறா, உடம்பு நம் பெட்டைக்கோழி அளவு, குணம் பஸ் ஸ்டாண்டு பிக்பாக்கெட். போன தடவை பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த பெரியவர் மீனை வாய்க்குக் கொண்டுபோனார். பின்னாலிருந்து ஒரு இறக்கை அவர் காதைத் தட்டியது. கையில் முள்கரண்டி மட்டும் மிச்சம். அவர் கோபப்படவில்லை, 'சாரி' என்றார். பறவையிடம்தான். விரட்டி அடிக்கவும் வழியில்லை, 1981-ம் வருஷத்துச் சட்டம் அந்தப் பறவைக்குப் பாதுகாப்பு தருகிறது.

அத்தைக்குக் கோயில் இல்லாமல் பயணம் கிடையாது என்பது தெரியும். சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் படி ஏறிய கால்களுக்கு இங்கே 199 படி. மேலே செயின்ட் மேரி தேவாலயம், அதைத் தாண்டி இடிந்த மடாலயம். இந்தக் குன்றை நோக்கித்தான் டிராகுலா பெரிய நாய் உருவத்தில் ஓடியதாக பிராம் ஸ்டோக்கர் எழுதிவைத்துவிட்டார். அவர் 1890-ல் இங்கே வந்து தங்கியவர். கதை 1897-ல் வெளிவந்தது. அன்றுமுதல் இந்த ஊர் அந்த ரத்தக்காட்டேரியை வைத்தே பிழைக்கிறது. கறுப்பு உடை, வெள்ளை மாவு பூசிய முகம் என்று வருஷத்தில் சில நாள் ஒரு கூட்டமே திரளும். தேவாலயத்துக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, டிராகுலாவின் சமாதி எங்கே என்று ஊழியர்களைக் கேட்காதீர்கள், அப்படி ஒன்று இல்லை என்று போர்டே வைத்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது அந்த மடாலயத்தின் கதை. ஹில்டா என்ற அம்மையார் தலைவியாக இருந்த இடம். ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். 664-ல் இங்கே ஒரு பஞ்சாயத்து நடந்தது. ஈஸ்டர் என்றைக்கு என்பதில் ரோமாபுரி கணக்கு ஒன்று, அயர்லாந்து கணக்கு ஒன்று. ராஜா ஓஸ்வி ஒரு கணக்கு, ராணி இன்னொரு கணக்கு. ராஜா ஈஸ்டர் விருந்து சாப்பிடும்போது ராணி இன்னும் விரதத்தில் இருப்பாராம். வாக்கியமா திருக்கணிதமா என்று பஞ்சாங்கச் சண்டை போடுகிற நமக்கு இது புதிதா? ஓசூர்க்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள் என்றே சொல்வேன். அத்தை வீட்டு வழக்கப்படி உகாதி, உங்கள் வழக்கப்படி சித்திரை ஒன்று, இரண்டுக்கும் ஒப்பட்டு. யாருக்கும் விரதம் இல்லை. ராஜா கடைசியில் ரோமாபுரி பக்கம் சாய்ந்தார். சொர்க்கத்தின் சாவி பீட்டரிடம் இருக்கிறது, வாசல்காரரைப் பகைத்துக்கொள்ள முடியாது என்பது அவர் சொன்ன நியாயம். சிப்காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேட்டில் நிற்கிறவரை முறைத்துக்கொண்டு எவன் ஷிஃப்ட்டுக்கு உள்ளே போயிருக்கிறான்?

அந்த ஹில்டா அம்மையார் ஊரில் இருந்த பாம்புகளையெல்லாம் கல்லாக்கிவிட்டார் என்று ஐதீகம். ஆதாரமாகச் சுருண்ட கற்களைக் காட்டுவார்கள். கடையில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நம் பூஜையறையில் பாட்டி துளசி போட்டு வைத்திருந்த சாளக்கிராமத்தில் இருக்கும் அதே சுருள். விஞ்ஞானப்படி இரண்டுமே அம்மோனைட் என்கிற பழங்காலக் கடல் உயிரியின் படிவம்தான். நமக்கு விஷ்ணு, இவர்களுக்குத் தலை போன பாம்பு. தலை இல்லாததுதான் குறை என்று அந்தக் காலத்து வியாபாரிகள் கல்லிலேயே பாம்புத்தலை செதுக்கி விற்றிருக்கிறார்கள். அத்தை பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். கடைக்காரர் பயந்துவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாமா, உங்களுக்கென்று ஒரு இடம் வைத்திருக்கிறேன். கேப்டன் குக் மியூசியம். நீங்கள் லேலண்டில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த கதையை ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்டு வளர்ந்தவன் நான். குக்கும் அப்ரண்டிஸ்தான். பக்கத்து மீனவக் கிராமத்தில் மளிகையும் துணியும் விற்கும் கடையில் இருந்தவர், பொட்டலம் கட்டுவது பிடிக்காமல் 1746-ல் இங்கே ஒரு கப்பல் முதலாளியிடம் தொழில் பழக வந்து சேர்ந்தார். பையன்கள் படுத்துறங்கிய மச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. கூரை தாழ்வு, நிமிர்ந்தால் உத்தரத்தில் இடிக்கும். பின்னாளில் அவர் பசிபிக் கடலையே அளந்த 'எண்டெவர்' கப்பலும் இந்த ஊரில் 1764-ல் கட்டியதுதான். கட்டியது எதற்கு? நிலக்கரி ஏற்ற. அடி தட்டை, வேகம் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் கரை தட்டி நிறுத்தலாம். லோடு லாரியை எடுத்துக்கொண்டு உலகம் சுற்றக் கிளம்பிய மாதிரி. லேலண்ட்காரர் நீங்கள், இதை ஒத்துக்கொள்வீர்கள்.

மழை வரும். கட்டாயம் வரும். வந்தால் பானெட் பார்க் மியூசியத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். அங்கே ஜார்ஜ் மெர்ரிவெதர் என்ற டாக்டர் செய்த புயல் எச்சரிக்கை இயந்திரத்தின் மாதிரி இருக்கிறது. வட்டமாகப் பன்னிரண்டு கண்ணாடிக் குப்பி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மழைத்தண்ணீர், ஒரு அட்டை. ஆமாம், ரத்தம் உறிஞ்சுகிற அட்டைதான். புயல் வரப்போகிறது என்றால் அட்டைகள் மேலே ஏறி, குப்பியின் கழுத்தில் இருக்கும் திமிங்கல எலும்புத் துண்டைத் தள்ளும், உடனே நடுவில் இருக்கும் மணி அடிக்கும். எத்தனை அட்டை ஏறுகிறதோ அத்தனை நிச்சயம் புயல். 1851 லண்டன் பெரிய கண்காட்சியில் வைத்தார், துறைமுகத்துக்குத் துறைமுகம் அரசாங்கம் வாங்கும் என்று நம்பினார். வாங்கவில்லை. குப்பிகளை வட்டமாக வைத்ததற்கு அவர் சொன்ன காரணம்தான் எனக்குப் பிடித்தது. ஒன்றையொன்று பார்க்க முடிந்தால் அட்டைகளுக்குத் தனிமை தெரியாதாம். என்னோடு வேலை பார்க்கிறவர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் வாய் திறக்காமல் இருக்கும்போது டாக்டரை நினைத்துக்கொள்வேன்.

நகைக் கடைகளை மட்டும் வேகமாகக் கடந்துவிடுவோம். 'ஜெட்' என்று கரிக்கறுப்பில் ஒரு மணி விற்பார்கள், அழகாகத்தான் இருக்கும். 1861-ல் கணவர் போனபிறகு விக்டோரியா ராணி துக்கத்துக்கு அணிந்து பிரபலமான சரக்கு அது. அதை வாங்கி அத்தை கையில் கொடுத்தால், அடுத்த பஸ்ஸில் யார் முகத்தை யார் பார்ப்பது?

வேட்டி நிறைய வேண்டாம், மழைக்கோட்டும் ஸ்வெட்டரும் ஆளுக்கு ஒன்று கட்டாயம். குடை கொண்டுவராதீர்கள், அங்கே அடிக்கிற காற்றில் கம்பி திரும்பிவிடும். மிளகாய்ப்பொடியும் மாங்காய் ஊறுகாயும் எடுத்துவாருங்கள், ஊறுகாய் பாட்டிலை நன்றாக மூடி பெரிய பெட்டியில் வையுங்கள். பெங்களூரிலேயே விமானம் ஏறலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். முக்கியமான விஷயம், ஆகஸ்ட்டில் விட்பியில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. தேதியை அத்தையோடு கலந்துபேசி இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், நான் முன்பணம் கட்ட வேண்டும்.

இப்படிக்கு
உங்கள் மருமகன்