நூற்றுப் பன்னிரண்டு அடி மனு

வெள்ளைக்காரன் காலத்தில் ராயப்பேட்டைப் பக்கம் மனு போடாதவன் மனுஷனே இல்லை. சேப்பாக்கம் அரண்மனையைப் பறிகொடுத்த ஆற்காட்டு நவாப் குடும்பம் 1876இல் அமீர் மகாலுக்குக் குடிவந்தது. அதற்கு முன் அங்கே போலீஸ் கோர்ட் நடந்துகொண்டிருந்தது. ராஜ்யம் போய், பட்டமும் பென்ஷனும் பழைய கோர்ட்டும் மிஞ்சின. இதற்குப் பெயர் ராஜதந்திரம்.

கூப்பிடு தூரத்தில், ஆயிரம் விளக்கு மக்கீஸ் தோட்டத்தில் 1887இல் காங்கிரஸ் மாநாடு. வந்தவர்கள் ராணிக்கு விசுவாசம் சொன்னார்கள், விண்ணப்பம் வைத்தார்கள், கவர்னர் கன்னிமாரா பிரபு கொடுத்த விருந்துக்கும் போய்வந்தார்கள். இதற்குப் பெயர் தேசிய விழிப்பு.

பிறகு சேரியும் ஒரு மனு போட்டது. அதற்கு மட்டும் பெயர் அடிவருடித்தனம்!

கதை இதுதான். ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் நடத்தலாம் என்று 1893 ஜூனில் லண்டன் பார்லிமென்ட் தீர்மானம் போட்டது. கடல் தாண்டினால் ஆசாரம் கெடும். தாண்டாவிட்டால் கலெக்டர் வேலை கிடைக்காது. இரண்டும் பிழைக்க ஒரே வழி, பரீட்சை கப்பலேறி இங்கே வருவதுதான். அந்த வருஷம் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெள்ளைக்காரக் கலெக்டர் எல்லாரையும் ஒரே மாதிரி மிதிப்பான். அக்கிரகாரத்துக் கலெக்டரோ, மிதித்தால் தீட்டு என்று ஆள் வைத்து மிதிப்பார். ஆகவே வேண்டாம் பரீட்சை என்று மனு போனது. நீளம் 112 அடி, கையெழுத்து 3,412. ஊர்த் தெருவில் ஓரடி எடுத்துவைக்க விடாத ஜனங்களுக்குக் காகிதத்தில் அடிக்கு முப்பது பேர் நிற்க இடம் கிடைத்தது.

சீனிவாசனின் உடன்பிறந்தாளைக் கட்டியவர் அயோத்திதாசப் பண்டிதர். ராயப்பேட்டையில் சித்த வைத்தியம், சாக்கிய பௌத்த சங்கம், 1907 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று ஒரே ஆள் மூன்று கடை விரித்தவர். மைத்துனர் பெருமையோடு பத்திரிகைக்கு வைத்த பெயரே இவருக்கு ஆகாது. நாம் பூர்வ பௌத்தர் என்பார். இருவரும் ஒத்துப்போன அபூர்வ விஷயம் ஒன்றுண்டு: சுதேசிக்காரர்களை நம்பாதது.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் பண்டிதர் எழுந்து, எங்களைக் கோயிலுக்குள் விடுங்கள் என்று கேட்டார். தஞ்சாவூர் சிவநாம சாஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்குத்தான் மதுரைவீரனையும் காட்டேரியையும் கொடுத்திருக்கிறோமே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு எதற்கு என்றார். தெய்வத்துக்கும் ரேஷன்! பண்டிதர் அசரவில்லை. அப்படியானால் உங்கள் சாமியே வேண்டாம், பள்ளிக்கூடமும் நிலமும் கொடுங்கள் என்றார்.

1924இல் சட்டசபையில் சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவில் யாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்கலாம் என்பதே அது. தெருவில் நடக்கச் சட்டசபை கூட வேண்டியிருந்த தேசம்தான் அப்போது சுயராஜ்யத்துக்கு அவசரப்பட்டுக்கொண்டிருந்தது. வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போன சீனிவாசன், நான் தீண்டத்தகாதவன் என்று அரசரிடமே சொன்னார். ஐந்தாம் ஜார்ஜ் கைகுலுக்கினார் என்கிறது அவருடைய ஜீவிய சரித்திரம். சூரியன் மறையாத சாம்ராஜ்யத்துக்கே தீட்டு ஒட்டவில்லை. நம்மூர்க் கிணற்றுக்கு மட்டும் ஒட்டியது.

1947இல் கப்பலேறி வந்த ராட்க்ளிஃப், கமிஷன் வைத்து, இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே ஐந்து வாரத்தில் கோடு கிழித்துவிட்டுப் போனார். அந்தப் பிரிவினைக்காக இன்றுவரை அழுகிறோம்; அழவேண்டியதுதான். ஊருக்கும் சேரிக்கும் நடுவே கோடு கிழித்தவன் கமிஷன் வைக்கவில்லை, கப்பலேறி வரவுமில்லை. உள்ளூர்க்காரன்.