எல்லாம் எங்கட

பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறினால் போதும், ராஜவம்சத்து மாமா யன்னலுக்கு வெளியே கையை நீட்டிவிடுவார். "இந்த ஆறு ஆர்ர எண்டு தெரியுமா மனே? எங்கட." ஆரையம்பதி தாண்டி மண்முனைக்குத் திரும்பினால் அந்த மண்ணும் எங்கட. படுவான்கரையில் இறங்கினால் வயல், குளம், குளத்துக்குள் படுத்திருக்கும் எருமை, எல்லாம் எங்கட. மண்முனைப் பாலம் 2014இல் ஜப்பான் உதவியில் திறந்தது என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "சரி, பாலம் அவன்ட. கீழ ஓடுற தண்ணி எங்கட" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். பாலத்துக்கு முன் அங்கே பாதைப் படகு ஓடிய காலத்தில், சொந்த ஆற்றைக் கடக்க நான் வரிசையில் நிற்பதா என்று சண்டை பிடித்தவர் இவர்.

மட்டக்களப்புக் கோட்டையைச் சொல்லவே வேண்டாம். போர்த்துக்கீசர் 1628இல் கட்டினார்கள், ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள், பிறகு அரசாங்கக் கச்சேரியும் அதற்குள் வந்தது. மாமாவின் கணக்கில் எல்லாரும் குத்தகைக்காரர். குத்தகைதான் இன்னும் வந்து சேரவில்லை.

ஆதாரம் கேட்டால் மட்டக்களப்பு மான்மியம். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த அந்த நூலை மாமா வாசித்ததில்லை. ஒரு பக்கத்தின் போட்டோக்கொப்பி மட்டும் சட்டைப்பையில் கிடக்கும். கலிங்கத்திலிருந்து வந்து மண்முனையில் அரசாண்டதாக அது சொல்லும் உலகநாச்சி இவருக்கு "அப்பாட பக்கத்து ஆச்சி". 1215இல் பொலன்னறுவையைப் பிடித்த மாகன் பெரியப்பா முறை. மாகன் விகாரைகளை இடித்த கதையை யாராவது எடுத்தால் மட்டும் தூரத்துச் சொந்தமாகிவிடுவான்.

அந்த "அப்பாட பக்க"த்தில்தான் சிக்கல். மட்டக்களப்பில் குடி என்கிற வம்சக் கிளை தாய்வழி. பிள்ளைக்கு அம்மாவின் குடி. முக்குவர் வழமையில் முதுசம் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. 1876ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் அது நின்றது. மாமா தூக்கிப் பிடிக்கும் ராசகுடி அவருடைய அப்பாவின் குடி. இவருடையது வேறு. குடியிருக்கும் வீடோ மாமிக்கு வந்த சீதனம். "அரிசி முடிஞ்சி" என்று மாமி குசினிக்குள் இருந்து சொன்னால், கலிங்கத்து வாரிசு பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடப்பார். அந்த நடையைப் பார்த்தால் எனக்குப் பாசம்கூட வரும்.

கோயில் கூட்டம் வந்தால் அந்தப் பாசம் போய்விடும். முதல் காளாஞ்சி மரியாதை யாருக்கு என்று அவர் இழுக்கும் வழக்கைப் பொறுத்துக்கொள்ளலாம். போன திருவிழாவுக்கு வரவுசெலவு என்ன என்று ஒரு பெடியன் எழும்பிக் கேட்டான். "நீ எந்தக் குடி?" என்றார் மாமா. பெடியன் முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டான். சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கணக்கும் வரவில்லை. ஆற்றையும் எருமையையும் அவரே வைத்துக்கொள்ளட்டும். இந்தக் கேள்வி அசிங்கம்.

பழைய முறைப்படி பார்த்தாலும் அந்த ராசகுடிப் பட்டம் போகவேண்டியது மாமாவுடைய அப்பாவின் தங்கச்சி மகனுக்கு. அந்த மச்சான் கல்லடியில் ஓட்டோ ஓடுகிறார், யாரிடமும் குடி கேட்பதில்லை. அடுத்த கூட்டத்தில் மாமா மறுபடி ஆரம்பித்தால், "உங்கட அம்மா எந்தக் குடி?" என்று தயவுசெய்து யாராவது எழும்பிக் கேளுங்கள்.