ஒயின் ரசனையில் நாவின் ஸ்தானம்

உண்பனவும் பருகுவனவும் பற்றி மனிதர் வகுத்த சாஸ்திரங்கள் பலவாயினும், எந்தப் பொருளை ஆராய்கிறோமோ அந்தப் பொருளை வாயில் வாங்கிச் சுழற்றிய பின் விழுங்காமல் உமிழ்ந்துவிட வேண்டும் என்பதை ஆசார விதியாகவே கொண்டிருப்பது, பிரான்ஸ் தேசத்தில் வளர்ந்து பரவிய ஒயின் ரசனைச் சாஸ்திரம். தேயிலைப் பரீக்ஷகர்களும் உமிழ்கிறவர்களே என்று ஆக்ஷேபம் கிளப்புவார் உண்டு; ஆனால் அவர்கள் உமிழ்ந்த கையோடு தரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த கோப்பைக்குப் போய்விடுகிறார்களேயன்றி, அதில் மழை நனைத்த காட்டின் நினைவும் பழைய சுருட்டுப் பெட்டியின் வாசனையும் கலந்திருப்பதாகப் பிரசங்கம் செய்வதில்லையாதலால், அவர்களை இந்த விசாரணையிலிருந்து விலக்கிவிடுகிறோம். இக்கட்டுரையாசிரியர் ஒயினை அருந்தியவர் அல்லர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது முறை. விழுங்காதவருக்கும் வாயில் வைக்காதவருக்கும் இடையே உள்ள பேதம் அளவைப் பற்றியதேயன்றித் தன்மையைப் பற்றியதன்று என்பது நமது துணிபு.

எடுத்துக்கொண்ட வினா இது: ஒயினின் உயர்வு தாழ்வை நிச்சயிக்கும் இந்திரியம் எது? நாவே என்பது பூர்வபக்ஷம். பாமரரும் பண்டிதரும் ஒருங்கே ஒப்புக்கொண்ட கருத்தாகையால் அது சந்தேகத்துக்குரியது. அன்றியும், ரசிகர் கோப்பையை அணுகும் முறையைக் கவனித்தால், அங்கே நாவுக்குக் கடைசிப் பந்தியே கிடைத்திருப்பது புலனாகும். அவர் முதலில் கோப்பையின் தண்டைப் பிடித்து, வெள்ளைத் துணிக்கு எதிரே சாய்த்து, நிறத்தைப் பார்க்கிறார். பிறகு அதைச் சுழற்றி, கண்ணாடியின் உட்புறத்தில் வழியும் தாரைகளைப் பார்க்கிறார். பிரெஞ்சுக்காரர் கண்ணீர் என்று வழங்கும் இந்தத் தாரைகள் கனத்து மெல்ல இறங்கினால் ஒயின் உத்தமமானது என்ற நம்பிக்கை இன்றும் விருந்து மேஜைகளில் உயிரோடிருக்கிறது. ஜேம்ஸ் தாம்சன் என்னும் பௌதிக அறிஞர் 1855-ஆம் ஆண்டிலேயே இதன் காரணத்தை விளக்கிவிட்டார்: கண்ணாடியில் ஏறிய மெல்லிய படலத்திலிருந்து சாராயம் விரைவில் ஆவியாகிவிடவே, நீர்மிகுந்த அந்தப் படலத்தின் பரப்பு இழுவிசை கூடி, கீழேயுள்ள திரவத்தை மேலே இழுக்க, இழுத்தது பாரம் தாங்காமல் துளியாகி வழிகிறது. ஆகவே அந்தக் கண்ணீர் சாராயத்தின் அளவுக்குச் சாட்சியாகலாம், குணத்துக்குச் சாட்சியாகாது. கண்ணீரைக் கொண்டு குணத்தை நிச்சயிப்பதிலுள்ள அபாயம் ஒயினுக்கு மட்டும் உரியதன்றாகையால், இதை மேலும் வளர்த்தவில்லை.

இனி, செந்நிறம், வெண்ணிறம் என்னும் வர்ண பேதம். கருந்திராட்சையின் சாறும் பெரும்பாலும் நிறமற்றதே. அதைத் தோலோடு சேர்த்துப் புளிக்கவிட்டால் செந்நிற ஒயின். பிழிந்தவுடனே தோலை நீக்கிவிட்டால் வெண்ணிற ஒயின். ஷாம்பெய்ன் பிரதேசத்தில் பினோ நுவார் என்னும் கருந்திராட்சையிலிருந்தே வெண்ணிற ஒயின் செய்கிறார்கள். மீனுக்கு இது, இறைச்சிக்கு அது என்று விருந்தினர் தலைமுறை தலைமுறையாக அனுசரித்துவரும் பேதத்துக்கு மூலகாரணம் தோல்தான் என்பதில் மனித சரித்திரம் அறிந்தவர் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எனினும் தோல் நிறத்தை மட்டும் தருவதன்று. விதையோடு சேர்ந்து டானின் என்னும் துவர்ப்பொருளையும் தருகிறது. அது எச்சிலிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு, கடுக்காயைக் கடித்தாற்போல வாயை வறளச் செய்கிறது. இந்தத் துவர்ப்பை நம் முன்னோர் அறுசுவையில் ஒன்றாக வைத்து எண்ணினர். மேனாட்டு உடல்நூலாரோ, இது சுவையே அன்று, ஸ்பரிச உணர்ச்சி என்று தள்ளிவிட்டனர். ஒயினில் நாவுக்கு இருந்த பெரிய ஆஸ்தி இவ்வாறு கைமாறிப் போய்விட, புளிப்பும் சிறிது தித்திப்பும் மெல்லிய கசப்புமே அதற்கு மிச்சம். வெண்ணிற ஒயினை 8 முதல் 12 பாகை செல்சியஸ் வரையிலும், செந்நிற ஒயினை 15 முதல் 18 வரையிலும் பரிமாற வேண்டுமென்ற விதியைப் பற்றி விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதிகம் குளிர்ந்தால் வாசனை எழாது, அதிகம் சூடேறினால் சாராயம் ஒன்றே எழும்.

கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள உறவைப் பற்றித்தான் சற்று நின்று பேச வேண்டும். மோரோ, ப்ரோஷே, துபூர்தியூ என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் மூவர் 2001-இல் வெளியிட்ட பரீக்ஷை ஒன்று ரசிக உலகத்துக்கு இடியாக வந்து விழுந்தது. ஒயின் நூல் பயின்றுகொண்டிருந்த 54 மாணாக்கர்களின் முன்னே அவர்கள் இரண்டு கோப்பைகளை வைத்தனர். இரண்டிலும் இருந்தது ஒரே போர்தோ வெள்ளை ஒயின். ஒன்றில் மட்டும் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்திருந்தது. மாணாக்கர்கள் முகர்ந்து, சாயம் கலவாததற்கு வெண்ணிற ஒயினுக்குரிய சொற்களையும், சாயம் கலந்ததற்குச் செந்நிற ஒயினுக்குரிய சொற்களையும் எழுதிக்கொடுத்தார்கள். இவர்கள் மாணாக்கர்களே, மகாவித்வான்கள் அல்லர் என்பதை நியாயத்தை முன்னிட்டுச் சொல்ல வேண்டும். ஆயினும் அந்த ஆய்வாளர்கள் வித்வான்களின் எழுத்துகளையும் சோதித்து, செந்நிற ஒயினை வருணிக்கையில் அவர்கள் சிவந்தனவும் கறுத்தனவுமான பொருள்களையும், வெண்ணிற ஒயினை வருணிக்கையில் மஞ்சளும் வெளிறியனவுமான பொருள்களையுமே எடுத்தாளுகிறார்கள் என்று கண்டனர். மூக்கு தானாக ஒன்றும் எழுதவில்லை. கண் சொல்லச் சொல்ல எழுதியது.

அப்படியானால் மூக்கின் சாட்சியம் முழுவதும் பொய்யோ என்றால், இங்கேதான் பரிகாசக்காரர்கள் இடறி விழுகிறார்கள். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் நோபிள் அம்மையார் 1984-இல் ஒயினின் வாசனைகளையெல்லாம் ஒரு சக்கரத்தில் அடைத்துக் கொடுத்தார். அந்தச் சக்கரத்தில் ரோஜாவும் தேனும் இருக்கின்றன; மண்ணெண்ணெயும், நனைந்த நாயும், ஈரம் பட்ட காகித அட்டையும் இருக்கின்றன. இதைக் கேட்டுச் சிரிப்பவர் ரசாயன நூலைப் பார்க்க வேண்டும். முதிர்ந்த ரீஸ்லிங் ஒயினில் மண்ணெண்ணெய் வாசனையைத் தருவதற்கென்றே ஒரு கூட்டுப்பொருள் உண்டு. கபெர்னே சொவின்யோனில் குடைமிளகாய் மணக்கிறது என்றால், குடைமிளகாயில் உள்ள பொருளே அதிலும் உள்ளது. சீரா ஒயினில் மிளகு மணக்கிறது என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தவர்களைக் கவிகள் என்று நினைத்திருந்தோம். ரொட்டண்டோன் என்னும் பொருள் சீராவிலும் மிளகிலும் ஒன்றாகவே இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டபோது அவர்கள் வெறும் உண்மை விளம்பிகளாகிவிட்டார்கள். இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்தப் பொருளின் வாசனையே தெரிவதில்லை. ஆகவே ஒரே மேஜையில் அமர்ந்து, ஒருவர் மிளகு என்றும் மற்றவர் அப்படி ஒன்றுமில்லை என்றும் சாதித்து, விருந்து முடிவதற்குள் பகைவராகிப் பிரிந்தால், இருவரும் சத்தியவான்களே.

மூக்குக்கு இவ்வளவு கொடுத்த பிறகு, தீர்ப்பு யார் கையில் இருக்கிறது என்று பார்ப்போம். போர்தோவின் செந்நிற ஒயின்களை ஐந்து படிகளாகப் பிரித்த புகழ்பெற்ற வரிசை 1855-இல் மூன்றாம் நெப்போலியன் நடத்திய பாரீஸ் கண்காட்சிக்காக வகுக்கப்பட்டது. வகுத்தவர்கள் தரகர்கள், அவர்களுக்குப் பிரமாணம், ஒவ்வொரு தோட்டத்து ஒயினும் சந்தையில் பெற்று வந்த விலை. ஒயின் உலகத்தின் வேதம் என்று மதிக்கப்படும் இவ்வரிசையின் உற்பத்தியில் கணக்குப் புத்தகம் இருந்தது. நாக்கு இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டாம் படியில் வைக்கப்பட்ட மூத்தோன் ரோத்ஷீல்ட் ஒன்றே, 118 ஆண்டுகள் கழித்து, 1973-இல் முதற்படிக்கு ஏறிற்று. அதற்கு முந்திய வருஷங்களில் அதன் ரசம் இரண்டாம் தரமாக இருந்து, அந்த வருஷத்தில் திடீரென்று முதல் தரமாயிற்று என்று கருதுபவர் நம்முடைய நூலை மூடிவிடலாம்.

கணக்குப் புத்தகத்தை மறைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் திருஷ்டாந்தம் உண்டு. 1976-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி, ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கில வியாபாரி பாரீஸ் ஹோட்டல் ஒன்றில் பிரெஞ்சு நிபுணர் ஒன்பதின்மரைக் கூட்டி, பெயர் தெரியாதபடி பிரெஞ்சு ஒயின்களையும் கலிபோர்னிய ஒயின்களையும் கலந்து கொடுத்தார். வெண்ணிறத்தில் ஷாட்டோ மாண்டலீனா முதலாவது வந்தது; செந்நிறத்தில் ஸ்டாக்ஸ் லீப் முதலாவது வந்தது; இரண்டும் 1973-ஆம் வருஷத்துச் சரக்கு; இரண்டும் கலிபோர்னியா. மேற்சொன்ன மூத்தோன், பாவம், இரண்டாவது வந்து தன் பழைய படிக்கே திரும்பிற்று. முடிவு தெரிந்ததும் நடுவர்களில் ஓர் அம்மையார் தாம் எழுதிக்கொடுத்த மதிப்பெண் தாளைத் திருப்பித் தரும்படி கேட்டார். நாவின் தீர்ப்பை நாவே மேல்முறையீடு செய்த வழக்கு வேறு எங்கும் கண்டதில்லை. கலிபோர்னியர் இதனால் மகிழ்ந்திருக்கலாம்; ஆனால் அவர்கள் ஊர்ச் சந்தையில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் நடத்தி 2008-இல் வெளியிட்ட பரீக்ஷையில், ஒரே புட்டியிலிருந்து மூன்று கோப்பைகள் ஊற்றி நடுவர்களிடம் தெரியாமல் கொடுத்தபோது, மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பு அளித்தவர்கள் பத்தில் ஒருவரே.

ஆகவே, நிறம் கண்ணுக்கும், மணம் மூக்குக்கும், துவர்ப்பு ஸ்பரிசத்துக்கும், தீர்ப்பு மடிச்சீலைக்கும் பங்காகிவிட, நாவுக்கு எஞ்சிய தொழில் பேசுவது ஒன்றே என்பது சித்தாந்தம். வாயில் வாங்கியதை உமிழ்ந்துவிடச் சொன்ன ஆதி ஆசிரியர்களின் கருத்தும் இப்போது விளங்கும்: வாய் நிறைய வைத்துக்கொண்டு பேச முடியாதல்லவா?

இதற்கு மாறாக ஸ்காட்லாந்து தத்துவஞானி ஹ்யூமின் சீடர்கள் ஒரு கதையைக் காட்டுவார்கள். செர்வாண்டிஸ் 1615-இல் வெளியிட்ட டான் குவிக்ஸாட்டின் இரண்டாம் பாகத்தில் சாங்க்கோ பான்சா சொல்லும் அந்தக் கதையை, ஹ்யூம் 1757-இல் ரசனைக்கு அளவுகோல் தேடி எழுதிய கட்டுரையில் எடுத்தாண்டார். சாங்க்கோவின் தந்தைவழி உறவினர் இருவரிடம் ஒரு பீப்பாய் ஒயினைப் பரீக்ஷிக்கக் கொடுத்தார்களாம். ஒருவர் நாவின் நுனியில் வைத்து, இதில் இரும்பு ருசிக்கிறது என்றார். மற்றவர் மூக்கருகே கொண்டுபோனதோடு சரி, தோல் வாசனை தூக்கலாக இருக்கிறது என்றார். உடையவனோ, பீப்பாய் சுத்தமானது, எதுவும் கலக்கவில்லை என்று சாதித்தான். பின்னர் ஒயின் விற்றுத் தீர்ந்து பீப்பாயைக் கழுவியபோது, அடியிலே தோல்வாரில் கோத்த சிறு சாவி ஒன்று கிடந்தது. இதைக் கொண்டு நாவும் மூக்கும் ஜெயித்துவிட்டதாக வியாக்கியானம் செய்பவர்கள், கதையின் நடுவே சத்தமில்லாமல் வந்துபோகும் ஒரு விஷயத்தை ஏனோ கவனிப்பதில்லை. அந்தச் சாவி பீப்பாயில் ஊறிக்கொண்டிருக்கையில் ஒயினை விலை கொடுத்து வாங்கி, உமிழாமல் கடைசிச் சொட்டுவரை குடித்துத் தீர்த்த ஜனங்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் இரும்பென்றோ தோலென்றோ வாய் திறந்ததாகச் செர்வாண்டிஸ் எழுதவில்லை.