வயலாகவே இருந்துவிட்டதற்கு மன்னிப்பு மனு

அனுப்புநர்: ஓர் இருபோக வயல், கம்பம் பள்ளத்தாக்கு, தேனி மாவட்டம்.

பெறுநர்: வேளாண்மை – உழவர் நலத்துறை, சென்னை. நகல்: நகர் ஊரமைப்பு இயக்ககம்.

ஐயா / அம்மா,

மனுதாரர் ஒரு நஞ்சை. 1895-இல் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இறங்கியதிலிருந்து நெல் விளைவிப்பதைத் தவிர வேறு தொழில் பழகாதவர். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டே இம்மனுவைச் சமர்ப்பிக்கிறார்.

முதல் போகத்துக்குத் தேக்கடி மதகு திறக்கும்போதெல்லாம் அரசின் செய்திக்குறிப்பில் ஓர் எண் வரும்: 14,707 ஏக்கர். உத்தமபாளையம் வட்டம் 11,807, தேனி வட்டம் 2,412, போடிநாயக்கனூர் வட்டம் 488. கூட்டிப் பாருங்கள், ஒரு ஏக்கர் கூடாது, குறையாது. வீரபாண்டியிலிருந்து கூடலூர் வரை சாலையோரம் மனைக்கல் முளைக்கிறது, வளைவு கட்டுகிறார்கள், கொடி பறக்கிறது. இந்த எண்ணுக்கு மட்டும் நரையே விழுவதில்லை. வாய்க்காலில் வரும் தண்ணீர், எந்த மடை நெல்லுக்கு, எந்த மடை பிளாட்டுக்கு என்று கேட்டுக்கொண்டா பாயும்?

மானியம் இல்லையென்று மனுதாரர் புளுகமாட்டார். விதைக்கு உண்டு, பவர் டில்லருக்கு உண்டு. பி.எம். கிசானில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, பட்டாக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது; குத்தகைக்கு உழுகிறவர் வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கலாம். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டால் ஊக்கத்தொகை. எல்லாம் விளைச்சலுக்கும் ஆளுக்கும்தான். வயல் வயலாகக் கிடப்பதற்கென்று ஒரு தலைப்பு இல்லை.

தரிசாகக் கிடந்தால் கதை வேறு. கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் தரிசைத் தேடிப் போய்ப் புதர் வெட்டுகிறது, ஆழ்துளைக் கிணறு போடுகிறது. நல்ல திட்டம்தான். பலன் பெற மனுதாரர் முதலில் தரிசாக வேண்டும், அவ்வளவே. புரோக்கர் சொல்வதும் அதுதான்: “நாலு வருசம் சும்மா போட்டு வைங்கண்ணே, வெள்ளாமைக்கு ஆகாதுன்னு எழுதி வாங்கிக்கலாம்.” கோட்டையும் டீக்கடையும் ஒரே யோசனை சொல்லும்போது வயல் யாரிடம் போய் அபிப்பிராயம் கேட்பது?

பிளாட்டுகள் மீது மனுதாரருக்குப் பொறாமை உண்டு, மறைப்பானேன். அனுமதியற்ற மனைகளைப் பதியக் கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைப்பிரிவென்றால் கட்டணம் கட்டி நேராக்கிக்கொள்ளலாம். விண்ணப்பக் கெடு பிறகு பலமுறை நீண்டது. தப்பித்துப் பிளாட்டானவருக்கு இத்தனை கருணை. தஞ்சாவூர்ப் பங்காளிகளுக்கும் 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கிடைத்தது. தாமிர உருக்காலை, எண்ணெய்க் கிணறு எல்லாம் தடைப்பட்டியலில் இருக்கின்றன; மனைப்பிரிவு இல்லை. அதனால் அந்தப் பங்காளிகளும் ரொம்பச் சிரிக்க முடியாது.

குமுளி மலை ஏறினால் வேறு நியாயம். கேரளம் 2008-இலேயே நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. 2020-இல் இன்னொரு படி மேலே போய், வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் ராயல்டி என்றது; பிறகு அதை 3,000 ஆக்கியது. மனை விலைக்கு முன்னால் அது கொசுறு என்பது மனுதாரருக்கும் தெரியும். 2018 திருத்தம் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ள ஒரு சந்து விட்டதும் தெரியும். ஆனாலும் அங்கே வயலுக்கு ஒரு வாடகை என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த மலைத் தண்ணீர் சுரங்கம் வழியே இங்கே வந்துவிட்டது. யோசனை மட்டும் செக்போஸ்டில் நிற்கிறது.

ஆகவே மனுதாரர் பணிந்து கேட்பது: அடுத்த ஜூனுக்குள் அந்த 14,707-ஐச் சங்கிலி பிடித்து ஒருமுறை அளக்கவும். மீதம் எவ்வளவு இருக்கிறதோ அதற்கு ஏதாவது ஒரு தொகை, மலையாளத் தொகையே போதும். முடியாதென்றால், லோயர் கேம்ப்பில், பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் சிலைக்கு மாலை போடும்போது, அவர் பெயரை எந்த மனைப்பிரிவுக்கும் வைக்காமல் பார்த்துக்கொள்ளவும்.

கள ஆய்வுக்கு வருகிறவர் கவனத்துக்கு: மனுதாரரின் பழைய அடையாளம் வாய்க்கால் கரைப் புளியமரம். இப்போது நுழைவு வளைவுக்குள் வந்து, இரண்டாம் குறுக்குத் தெரு முடிவில், தார் நின்று சேறு தொடங்கும் இடத்தில் விசாரிக்கவும்.