ஆம்ப்ளிஃபயர் அம்பி

கரமனை அக்ரஹாரத்தில் வீட்டுக்கு ஒரு அம்பி உண்டு. ஆம்ப்ளிஃபயர் அம்பி தெருவுக்கு ஒருவன்தான். வாரம் முழுக்க டெக்னோபார்க். ஞாயிற்றுக்கிழமை தலை கார் டிக்கிக்குள். தெருவுக்குத் தெரிவது மடித்துக் கட்டிய வேட்டி மட்டுமே.

டிக்கியில் பன்னிரண்டு அங்குல சப்வூஃபர்கள் இரண்டு குடியேறிய அன்றே ஸ்டெப்னி பின் சீட்டுக்கு வந்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் பாட்டி. சாலைக் கடைத்தெருவில் வாங்கிய சேனையும் பரங்கிக்காயும் பாட்டி மடியில்.

அம்பி வாயில் எந்நேரமும் “நாலு ஓம், நாலு ஓம்”. பேரனுக்கு பக்தி முற்றிவிட்டது என்று பூரித்து, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள் பாட்டி.

“நாலும் நாலும் எத்தனை, பாட்டி?”

“எட்டுடா.”

“ஒண்ணோட வாலை இன்னொண்ணோட தலைல கோத்தா எட்டு. ப்ளஸ்ஸோட ப்ளஸ், மைனஸோட மைனஸ் சேர்த்தா ரெண்டு.”

“இதைத்தான் காலேஜ்ல நாலு வருஷம் சொல்லிக் குடுத்தாளா?”

வூஃபர்களின் மின்தடை எட்டு ஓம் என்றால் ஆம்ப் சோம்பிக் கிடக்கும். ரெண்டு என்றால் மாடாய் உழைக்கும். ரெண்டு தாங்காத ஆம்பாக இருந்தால் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு மௌன விரதம். இது அம்பி சித்தாந்தம். கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக் கூரையில் நாதத்துக்காகத் தொங்கவிட்ட மண்பானைகளைக்கூட அண்ணாந்து பார்த்து, “அந்தக் காலத்து பேஸ் பாக்ஸ்!” என்று கன்னத்தில் போட்டுக்கொள்வான்.

ஆசாரமும் உண்டு. சிவப்பு ஒயரில், பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ் இருந்தாக வேண்டும். கறுப்பு ஒயருக்கு டிக்கித் தகட்டில் பெயின்ட் போய் வெள்ளையாய் மினுங்கினால்தான் எர்த். காரில் அடுத்தவன் நகம் பட்டால் சண்டைக்குப் போகிறவன், தானே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பான்.

போன ஞாயிறு எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கோத்தான். பாட்டைப் போட்டான். ஜன்னல் அதிரவில்லை. அடுக்களைப் பாத்திரம் வாய் திறக்கவில்லை. பாட்டுக்காரர் குரல் கணீரென்று வந்தது. பேஸ் மட்டும் காணோம். ஒரு வூஃபரில் ப்ளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருந்தன. ஒன்று முன்னே தள்ள, மற்றது பின்னே இழுக்க, மாமியாரும் மாட்டுப்பெண்ணும் போல இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிட்டன.

ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அம்பி மறுபடி டிக்கிக்குள் குனிந்தான். திண்ணையிலிருந்து பாட்டி குரல் கொடுத்தாள்:

“இத்தனை நாள் சொன்ன ஓம் இன்னிக்குத்தான்டா பலிச்சிருக்கு. தொடாதே, அப்படியே விட்டுடு!”