கணினிப் பள்ளியெழுச்சி: மரக்காணத்து எடைமேடையை முன்வைத்து ஒரு நெய்தல் ஆய்வு

நெய்தல் நிலத்தின் உரிப்பொருள் இரங்கலும் இரங்கல் நிமித்தமும் என்று அகப்பொருள் இலக்கணம் வகுத்திருக்க, அவ்விரங்கலுக்குக் காரணம் தலைவனின் வரவு நீட்டித்தலே என்று உரையாசிரியர்கள் இதுகாறும் கொண்டு வந்தனர். பழைய கணினி ஒன்றின் பொத்தானை அழுத்திவிட்டு, அது வேலைக்கு ஆயத்தமாகும்வரை அதன்முன் கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருப்பவரின் நிலையும் அவ்வுரிப்பொருளுள் அடங்கும் என்பதும், அந்நீட்டிப்புக்குக் காரணம் கணினியின் முதுமை மட்டுமன்று, அது கண்விழிக்கும்போதே உடன் எழுந்துகொள்ளும் வேண்டாத செயலிகளின் கூட்டமே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்களம் மரக்காணம். விழுப்புரம் மாவட்டத்தில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த இவ்வூரே சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் என்று கொள்வோர் உளர். பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும், 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியும் இதனை அடுத்துள்ளன. சாலையிலிருந்தே கண்ணுக்கு எட்டும் தொலைவுவரை உப்பளங்கள். சங்க காலத்து உமணர் மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்ற உப்பை இன்று லாரி ஏற்றிச் செல்வதால், உமணர்க்குரிய இடத்தில் லாரி ஓட்டுநரை வைத்துக் காண்பதில் இலக்கண வழு ஏதுமில்லை. லாரி முதலில் வெறுமையாக எடைமேடையில் ஏறும். பின்பு உப்பேற்றிக்கொண்டு மீண்டும் ஏறும். இரண்டுக்குமான வேறுபாடே உப்பின் எடை. அவ்வெடையைச் சீட்டில் அச்சிட்டுத் தரும் கணினியே இவ்வாய்வின் தலைமைப் பாத்திரம்.

எடைமேடைக் கணினி பெரும்பாலும் பழையதாக இருப்பதற்குக் கருமித்தனமே காரணம் என்பது மேலோட்டமான கருத்து. மேடையின் அடியிலுள்ள உணரிகள் தரும் எடையைக் காட்டும் இண்டிகேட்டர் என்னும் பெட்டி, ஒன்பது ஊசிகள் கொண்ட சீரியல் போர்ட் வழியாகக் கணினியுடன் பேசிப் பழகியது. புதிய கணினிகள் பலவற்றில் அந்தத் துளையே இல்லை. கார்பன் படியோடு சீட்டடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் பழைய இணைப்பையே கேட்கும். ஓடுகிற வண்டியில் கைவைக்கக் கூடாது என்னும் தொழிலுலகப் பேரறிவும் இதனோடு சேர்ந்துகொள்ள, கணினி ஆண்டுக்கணக்கில் அதே மேசையில், அதே தூசியோடு நிலைபெறுகிறது.

நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு. அதனைப் பிற்பகலாகக் கொள்ளின், கணினி காலையிலன்றோ இயக்கப்படும், பொழுது பொருந்தவில்லையே எனின், அற்றன்று: பிற்பகலில் மின்சாரம் போய் வரும் என்க.

இனி, தொடக்கச் செயலி என்பது யாது? பயனர் அழைக்காமலேயே, கணினிக்குள் அவர் நுழைந்ததும் தானே இயங்கத் தொடங்கும் நிரல் அது. டாஸ் இயக்குதளத்தின் காலத்தில் இத்தகையவற்றின் பட்டியல் ஆட்டோஎக்செக் என்னும் ஒரே கோப்பில், படித்தறியும் எழுத்தில், வீட்டு வாசலில் ஒட்டிய விருந்தினர் பட்டியல் போல வெளிப்படையாக இருந்தது. 1995இல் வந்த விண்டோஸ் 95 ஸ்டார்ட்அப் என்றொரு கோப்புறையைத் தந்ததோடு, ரெஜிஸ்ட்ரி என்னும் அமைவுப் பதிவேட்டில் 'ரன்' என்னும் அறையையும் திறந்துவைத்தது. கோப்புறை பயனரின் கண்ணில் படுவது. பதிவேட்டு அறையோ நிரலாக்குநர் மட்டுமே புழங்கும் கொல்லைப்புறம். விருந்தினர் எவ்வழியை விரும்பினர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பின்னர், குறித்த வேளையில் நிரல்களை எழுப்பும் டாஸ்க் ஷெட்யூலர், திரைக்குப் பின்னால் ஓடும் சர்வீஸ்கள் என மேலும் வழிகள் பெருகவே, இவை அனைத்தையும் ஒரே திரையில் காட்டுவதற்கென ஆட்டோரன்ஸ் என்னும் தனிக் கருவி தேவைப்பட்டது. அதை உருவாக்கிய மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் ஆகியோரின் நிறுவனத்தை 2006இல் மைக்ரோசாஃப்டே வாங்கிக்கொண்டது. தன் வீட்டுக்கு எத்தனை வாசல் என்று எண்ணிச் சொன்னவரை வீட்டுக்காரரே வேலைக்கு அமர்த்திக்கொண்டதற்கு இது நல்ல சான்று.

தாமதம் எவ்வாறு நிகழ்கிறது என்பதே இவ்வாய்வின் உயிர்நிலை. பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் உண்மையிலேயே சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிவிநாடி. அதில் எழுதியதைப் படிக்கும் முனைகள் பலவாயினும், அவையனைத்தும் ஒரே கையில் பூட்டப்பட்டு ஒன்றாகவே நகர்வன. ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்கு அந்தக் கை நகரவும், வேண்டிய இடம் சுழன்று முனையின்கீழ் வரவும் ஆகும் நேரத்தைக் கூட்டினால், விநாடிக்கு 60 முதல் 80 சிதறிய இடங்களுக்கு மேல் அதனால் தொட இயலாது. வரிசையாகப் படித்தால் விநாடிக்கு 100 மெகாபைட் அளவுக்குத் தரவல்ல அதே தட்டு, 4 கிலோபைட் துணுக்குகளாகச் சிதறிக் கேட்கும்போது விநாடிக்கு 300 கிலோபைட் தருவதற்கே திணறும். பத்துச் செயலிகள் ஒரே நேரத்தில் எழுந்து, ஒவ்வொன்றும் தட்டின் வெவ்வேறு மூலையிலிருந்து தன் கோப்புகளைக் கேட்கும்போது, அந்தக் கை படிப்பதைவிட அலைவதிலேயே காலத்தைக் கழிக்கிறது. கணினிக்குள்ளிருந்து வரும் கறகற ஒலி அவ்வலைச்சலின் ஒலியே. அரங்கன் வாயிலில் விடியற்பொழுதில் தேவரும் கந்தருவரும் இடமின்றி நெருக்கியடித்து நிற்பதைத் தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருப்பள்ளியெழுச்சி காட்டுகிறது. ஆயினும் அங்கு நிற்போர் அனைவரும் வணங்க வந்தோர், இங்கு நிற்போரில் பலர் தம் புதிய பதிப்பு வந்துவிட்டதா என்று விசாரிக்க வந்தோர்.

சுழலும் தட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால் தீரும் சிக்கலுக்கு இத்தனை நீண்ட ஆராய்ச்சி எதற்கு என்பார்க்கு விடை: அவர் கூற்று பெரிதும் மெய்யே. நகரும் உறுப்பு எதுவுமில்லாத எஸ்எஸ்டி விநாடிக்குப் பல்லாயிரம் இடங்களைத் தொடும். எனினும் 2 ஜிபி நினைவகத்தில் அழையா விருந்தாளிகள் அமர்ந்த பின் எஞ்சும் இடம் எஸ்எஸ்டியால் வளர்வதில்லை. எஸ்எஸ்டிக்கான செலவை எடைமேடையின் உரிமையாளர் ஒப்புக்கொள்ளும் நாள்வரை இக்கட்டுரைக்கு வேலை உண்டு.

அவ்விருந்தாளிகள் யாவர்? பிடிஎஃப் படிக்கும் மென்பொருளின் புதுப்பிப்பு உதவியாளர்; எப்போதோ பழைய சாமான் கடையில் போட்டுவிட்ட பிரிண்டரின் மை அளவை இன்னும் கவலையோடு கண்காணிக்கும் நிரல்; கொரோனா காலத்தில் ஓர் இணையவழிக் கூட்டத்துக்காக நிறுவப்பட்ட செயலி; திறக்கச் சொல்லாமலேயே பின்னணியில் திறந்துகொள்ளும் உலாவி; முதலாளியின் மகன் போட்டுவைத்த விளையாட்டு மேடை. இவற்றுள் ஆய்வாளரின் மனத்தை உருக்குவது ஸ்கைப். 2025 மே மாதத்தோடு அச்சேவையே நிறுத்தப்பட்டுவிட்ட பின்னும், அது அகற்றப்படாத கணினிகளில் எழுந்து, பேச யாருமில்லாத வாசலில் நிற்கிறது. இரங்கல் இங்குச் செயலிக்கும் உரியதாகிறது.

நிறுத்தும் முறை எளிது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தினால், ஓடுபவற்றின் கணக்கைக் காட்டும் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 8 முதலாக அதில் ஸ்டார்ட்அப் என்னும் பகுதி உண்டு. விண்டோஸ் 7லேயே நிற்கும் கணினியாயின் 'எம்எஸ்கான்ஃபிக்' என்று தட்டி அப்பகுதியை அடையலாம். டாஸ்க் மேனேஜர் ஒவ்வொரு செயலிக்கும் எதிரே அதன் சுமையையும் எழுதிக் காட்டும்: சிபியுவில் 1 விநாடிக்கு மேலோ, தட்டில் 3 மெகாபைட்டுக்கு மேலோ கொள்வது மிகுதி, இரண்டிலும் 300 மில்லிவிநாடி, 300 கிலோபைட் என்னும் எல்லைக்குள் அடங்குவது குறைவு, இடைப்பட்டது நடுத்தரம். வேண்டாததன்மேல் வலப்பக்கச் சொடுக்கு இட்டு 'டிஸேபிள்' என்பதைத் தேர்ந்தால் போதும். இது நிறுத்தமே அன்றி நீக்கமன்று என்பது தெளியத்தக்கது. செயலியின் பதிவு பட்டியலிலேயே இருக்கும், அழைத்தால் வரும், அழையாமல் வராது.

இவ்வளவு எளிதாயின் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமே என்னும் கொள்கையினர் ஒரு சாரார் உளர். அவர்தம் கொள்கை எடைமேடையில் நில்லாது. எடையைப் படித்துச் சீட்டுக்கு அனுப்பும் நிரலே தொடக்கச் செயலியாக வைக்கப்பட்டிருக்கலாம். அதை நிறுத்திவிட்டால் கணினி மின்னலென எழும், ஆனால் மேடைமேல் லாரி நிற்பதை அறியாது. கூலிக் கணக்கைத் தமிழில் தட்டுவோர்க்கு அழகியோ, என்எச்எம் ரைட்டரோ, இ-கலப்பையோ எழுந்தே ஆக வேண்டும். வைரஸ் தடுப்பு நிற்கலாகாது. பலரும் பல பென்டிரைவ்களைச் செருகும் கணினிக்கு அது காவல். ஒலியமைப்பின் பலகத்தை நிறுத்தினாலோ பெரும்பாலும் ஒலி நிற்பதில்லை என்பது பலர் அறியாத செய்தி. ஆகவே சுமை மிகுதி என்று காட்டப்பட்டது மட்டுமே நிறுத்தற்குரியது என்னும் விதியும் பொருந்தாது: எடை நிரல் மிகுதியாயினும் வேண்டும், பிரிண்டர் மை நிரல் குறைவாயினும் வேண்டா. முதல் லாரி மேடையேறும்போது இது இல்லாமல் சீட்டு வருமா என்னும் ஒரே வினாவே அளவுகோல்.

ஒருமுறை நிறுத்தியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடவும் இயலாது. புதிய பதிப்பு நிறுவப்படும்போது சில செயலிகள் தம் பெயரைப் பட்டியலில் மீண்டும் பதிந்துகொள்ளும். இலவசமாக ஒன்றை நிறுவினால் உடன் இரண்டு வருவதும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் உப்பளம் நீரில் மூழ்கி, மழை ஓய்ந்தபின் பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தித் தொழில் தொடங்கும் வழக்கத்தை ஒட்டி, அதே நாட்களில் டாஸ்க் மேனேஜரையும் ஒருமுறை திறந்து பார்ப்பது பொருந்தும். விளையாட்டு மேடையின் நிலை மட்டும் இங்கு முடிவு செய்யப்படவில்லை. அது சுமை மிகுதி, சீட்டுக்கு வேண்டாதது என்னும் இரு குற்றங்களும் உடையதாயினும், மகன் பள்ளியிலிருந்து வந்ததும் அதைத் திரும்ப இயக்கிவிடுவதால், தீர்ப்பு முதலாளியம்மாவின் அதிகாரத்துக்கு விடப்படுகிறது.