கன் வாங்கப் போகிறவர்

இவரை அடையாளம் காண்பது எளிது. வீட்டு வாசலில் ஓர் ஆர்.எக்ஸ். 100 டேங்க் இல்லாமல் நிற்கும். டேங்க், செய்தித்தாள் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். 1996-ல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டிக்கு மயில் நீலம் ஏற்ற வேண்டும். அதையும் தன் கையாலேயே ஏற்ற வேண்டும். புதுப்பேட்டையில் பெயிண்டரிடம் கொடுத்தால் வேலை முடிந்துவிடுமே என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். "பட்டியை அப்பி மறைச்சிடுவாங்க சார்" என்பார். வெளியில் கொடுக்கவும் மாட்டார், வேலையைத் தொடங்கவும் மாட்டார். முதலில் கன் வாங்க வேண்டுமே!

கன் என்றால் ஸ்ப்ரே கன். ஆனால் மின்சார ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியுமா? "சின்ன கன் போதும்பா, என் வேலைக்குப் பெரிசு எதுக்கு?" என்று இவர் போனில் உரக்கப் பேசுவதைக் கேட்டு, இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு முன்பே எழுந்து வாசலுக்குப் போய்விடுவார் அவர்.

வீட்டில் சாப்பாட்டு நேரம், வரலாற்று வகுப்பு. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரில் டிவில்பிஸ் என்றொரு டாக்டர் இருந்தார். நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் தாமஸ் 1907-ல் அதையே பெயிண்ட் அடிக்கும் கன்னாக மாற்றினார் என்று ரசம் ஆறும்வரை விளக்குவார். "அப்படின்னா முதல்ல உங்க தொண்டைக்கு ரெண்டு தடவை அடிச்சுக்குங்க" என்று மனைவி எழுந்து போவார்.

பெயிண்ட் வெளிவரும் துளையான நாசிலின் அளவு தனி அத்தியாயம். கார் கதவுக்கு 1.3, 1.4 மில்லிமீட்டர், டேங்க், சைடு பாக்ஸ் போன்ற சின்னச் சாமான்களுக்கு 0.8 அல்லது 1.0. இதில் எது என்று மாதக்கணக்கில் தூக்கம் கெடும். பெயிண்ட் ஊற்றும் கப் மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்பதற்கு மட்டும் விடை சீக்கிரம் கிடைத்துவிடும்: மேலே. பெயிண்ட் தன் எடையில் தானே இறங்கும், கொஞ்சமாக ஊற்றினாலும் கடைசிவரை அடிக்கலாம். பிறகு எச்.வி.எல்.பி. அதைத் தன் இனிஷியல் மாதிரிப் பெருமையோடு உச்சரிப்பார். காற்று அதிகம், அழுத்தம் குறைவு. காற்று வெளியேறும் மூடியில் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாது. புகையாகப் பறக்கும் பெயிண்ட் குறையும், சாமானில் ஒட்டும் பெயிண்ட் கூடும். எல்லாம் சரியாகத்தான் சொல்வார்.

தெருமுனைப் பெயிண்டர் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். "கன்னை விடு தம்பி. கம்ப்ரசர் எத்தனை ஹெச்.பி.?"

ஒன்று. அங்கேதான் கதை கவிழும். பெரிய எச்.வி.எல்.பி. கன் நிமிடத்துக்குப் பத்துக் கன அடிக்கு மேல் காற்றைக் குடிக்கும். ஒரு ஹெச்.பி. கம்ப்ரசர் மூன்று, நான்கு கன அடி கொடுத்தாலே பெரிய விஷயம். முதல் சில விநாடிகள் பனி மாதிரி இறங்கும் பெயிண்ட், காற்று தீர்ந்ததும் துளித் துளியாகத் துப்பும். காய்ந்த பிறகு டேங்கின் மேல் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம். ஆக, கன்னைத் தேர்ந்தெடுப்பது இவர் அல்ல, இவருடைய கம்ப்ரசர். அது மினி கன் என்று எப்போதோ முடிவுசெய்துவிட்டது. சென்னைக் காற்றின் ஈரம் வேறு இருக்கிறது. குழாய் வழியில் தண்ணீர் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று போடாவிட்டால் எந்த ஊர் கன்னும் பெயிண்டோடு தண்ணீரையும் சேர்த்தே அடிக்கும். நாசிலைப் பற்றி நாள்முழுக்கப் பேசுகிறவர் ஃபில்டரைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஓரிடத்தில் மட்டும் இவரைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. பளபளப்புக்கு ஆசைப்பட்டு, ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே பெயிண்ட் வாங்கி, முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நிற்பார். அந்த ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகக்கவசம் இல்லாதவர் அதைத் தொடவே கூடாது. கன் விலையில் நூறு ரூபாய் குறைக்கப் பேரம் பேசுகிறவருக்கு இந்த முகக்கவசம் செலவாகத் தெரிகிறது.

ஒருவழியாக 0.8 மினி கன் வீட்டுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை காலை கப்பில் ப்ரைமரை ஊற்றி விசையை இழுப்பார். காற்று மட்டும் வரும். கெட்டி ப்ரைமர் அந்தத் துளையில் இறங்குமா? மறுநாள் மாலை பிராட்வே கடையில் நிற்பார்.

"ப்ரைமருக்குத் தனியா ஒரு கன் வேணும். 1.5 எடுக்கலாமா, 1.7 எடுக்கலாமா சார்?"

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பையனிடம் இரண்டு டீ சொல்வார்.